74 வயதில் நோட்டுப் புத்தகம் கேட்ட பாட்டி! - கஸ்தூர்பா நினைவு நாள் பகிர்வு

சென்னையில் பறக்கும் ரயிலில் வேளச்சேரி பக்கம் போய்வருபவர்களுக்கு 'கஸ்தூரிபா நகர்' ஸ்டேஷன் தெரிந்திருக்கும். நான் ரெண்டு வருடமாக அதே ஸ்டேஷனில் இறங்கி ஏறுகிறேன். எங்கள் வீட்டில் அம்மா உட்பட மூன்று பேர் பிறந்தது திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியில். 1885-ல் தொடங்கிய அந்த ஆஸ்பத்திரிக்கு இப்போது அரசு ஏட்டில் இருக்கும் பெயரும் கஸ்தூரிபா காந்திதான். இத்தனை இருந்தும், "கஸ்தூர்பா பத்தி உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டால், "காந்தியோட மனைவி" என்ற இரண்டு வார்த்தையைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

பிப்ரவரி 22 அவருடைய நினைவு நாள். டெஸ்க்கில் 'ஒரு சின்ன நினைவுக் குறிப்பு போதும்' என்றார்கள். அதற்காகப் புரட்ட ஆரம்பித்ததில் ஒரு நோட்டுப் புத்தகம் வந்து நின்றது. அதை விட்டுவிட்டு மேலே போக முடியவில்லை.

இடம், புனே ஆகா கான் மாளிகை. வருடம் 1943. மாளிகை என்றுதான் பெயர். சுற்றிலும் முள்வேலி, வாசலில் காவல். 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்துக்காகக் காந்தியை அடைத்துவைத்திருந்த சிறை அது. உடன் கஸ்தூர்பா, டாக்டர் சுசீலா நாயர், மீரா பென் உள்ளிட்ட சிலர். நாள் முழுக்கச் சும்மா இருக்க முடியாதே... அதனால் காந்தி தன் மனைவிக்குப் பாடம் எடுக்கத் தொடங்கினார். குஜராத்தி, கொஞ்சம் பூகோளம், கொஞ்சம் சரித்திரம். மாணவிக்கு வயது 74. பஞ்சாபின் நதிகளைச் சிரத்தையாக மனப்பாடம் செய்வார். மறுநாள் கேட்டால் மறந்துபோகும். லாகூரையும் கல்கத்தாவையும் மாற்றிப்போட்டுவிடுவார். சாயங்காலமானால் கேரம் போர்டு. அதில் அவருக்கு அவ்வளவு ஆர்வம்!

ஒருநாள், எழுதிப் பழக ஒரு நோட்டு வேண்டும் என்று கேட்டிருக்கிறார் கஸ்தூர்பா. 'முதலில் தனித்தாளில் எழுதிப் பழகு, கையெழுத்து சீரானதும் நோட்டு வாங்கிக்கொள்ளலாம்' என்பது காந்தியின் பதில். காகிதத்தைக்கூட வீணாக்காதவர் அவர். ஒரு பக்கம் எழுதிய கடிதத்தின் மறுபக்கத்தையும் விட்டுவைக்க மாட்டார். அவர் கணக்கில் அது நியாயம்தான். ஆனால், கேட்டவருக்கு மனம் சுருங்கிவிட்டது. பிறகு விஷயம் புரிந்து நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தபோது, அவர் அதை வாங்கி எழுதவே இல்லை. சண்டை இல்லை, கண்ணீர் இல்லை. வேண்டாம், அவ்வளவுதான். உடனிருந்த சுசீலா நாயர் இதை எழுதிவைத்திருக்காவிட்டால் நமக்குத் தெரிந்திருக்கப் போவதில்லை.

என் அப்பாவைப் பெற்ற பாட்டி, அறுபது வயதுக்கு மேல் பேங்க் பாஸ்புக்குக்காகக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டவர். என் பழைய ரஃப் நோட்டைத்தான் கொடுத்தோம். புதுசு கேட்டாரா, கேட்காமல் விட்டாரா என்று இப்போது ஞாபகம் இல்லை. அதனால்தானோ என்னவோ, இந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

பாக்கி நின்ற பாடம்

கஸ்தூர்பா பிறந்தது 1869 ஏப்ரலில், குஜராத்தின் போர்பந்தரில். அப்பா கோகுல்தாஸ் மகன்ஜி வசதியான வியாபாரி. காந்தியும் அதே ஊர். அதே வருடம், அக்டோபரில் பிறந்தவர். ஆக, கணவரைவிடச் சில மாதங்கள் மூத்தவர் கஸ்தூர். கல்யாணம் 13 வயதில். பள்ளிக்கூடத்தை அவர் பார்த்ததே இல்லை.

கல்யாணமான புதிதில் காந்தி எப்படிப்பட்ட கணவர்? அவரே தன் சுயசரிதையில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். சந்தேகப் பேர்வழி. என்னைக் கேட்காமல் எங்கும் போகக் கூடாது என்று மனைவிக்குக் கட்டளை போட்டவர். அந்த மனைவியோ கோயிலுக்குப் போக வேண்டும் என்று தோன்றினால் போய்விட்டு வருவார். தடுத்தால் இன்னும் ரெண்டு தடவை போவார். எதிர்த்துப் பேசியெல்லாம் இல்லை. கேட்டுக்கொண்டே, தன் பாட்டுக்குத் தன் வேலையைச் செய்வது. இந்தக் குணம் கடைசிவரை மாறவில்லை.

மனைவிக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற ஆசை காந்திக்கு அப்போதே இருந்தது. பெரியவர்கள் இருக்கும் கூட்டுக் குடும்பத்தில் பகலில் மனைவியோடு பேசவே முடியாது. இரவில் பாடம் நடக்கவில்லை. காரணம் தன் இச்சைதான் என்று பழியைத் தன் மேலேயே போட்டுக்கொள்கிறார். முதல் குழந்தை பிறந்து சில நாளில் இறந்துபோனது. 1888-ல் ஹரிலால் பிறந்தான். அதே வருடம் கணவர் பாரிஸ்டர் படிக்க லண்டன் கிளம்பிவிட்டார். கைக்குழந்தையோடு மாமியார் வீட்டில் மூன்று வருடம். எழுத்துப் பாடம் அப்படியே பாக்கி நின்றது.

'அந்த மாலை எனக்குக் கொடுத்தது!'

கஸ்தூர்பாவைப் பற்றிய சம்பவங்களில் எனக்கு மிகவும் பிடித்தது 1901-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நடந்த வாக்குவாதம். ஊர் திரும்பும் காந்திக்கு இந்திய சமூகம் பிரிவு உபசாரம் நடத்துகிறது. தங்கம், வெள்ளி, வைரம் என்று பரிசுகள் குவிகின்றன. அதில் 50 கினி மதிப்புள்ள தங்க மாலை ஒன்று, கஸ்தூர்பாவுக்கென்றே கொடுக்கப்பட்டது. அன்று ராத்திரி காந்திக்குத் தூக்கம் வரவில்லை. பொதுச்சேவைக்குக் கூலி வாங்கலாமா? எல்லாவற்றையும் சமூகத்துக்கே திருப்பி, ஒரு அறக்கட்டளையில் வைத்துவிடுவது என்று முடிவெடுக்கிறார். மனைவி சம்மதிக்க மாட்டார் என்று தெரியும். அதனால் முதலில் பிள்ளைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார். மூத்தவனுக்கு 13 வயது, அடுத்தவன் மணிலாலுக்கு 9. தாயிடம் வாதாட அப்பாவுக்குக் கிடைத்த வக்கீல்கள்!

கஸ்தூர்பா சும்மா விடவில்லை. எனக்கு வேண்டாம், சரி. நாளை மருமகள்கள் வந்தால் அவர்களுக்கு என்ன போடுவது? காந்தி சொல்கிறார்: அப்போது வேண்டுமென்றால் என்னைக் கேள். உங்களையா? என் நகைகளையே கழற்ற வைத்தவர், மருமகளுக்கு வாங்கித் தரப்போகிறீர்களா? பிள்ளைகளை இப்போதே சாமியாராக்கப் பார்க்கிறீர்கள்! கடைசியாக அந்த மாலைக்கு வருகிறார். அது எனக்குக் கொடுத்தது, அதில் உங்களுக்கு என்ன உரிமை? இது உன் சேவைக்கா, என் சேவைக்கா கொடுத்தார்கள் என்று மடக்குகிறார் பாரிஸ்டர் கணவர். ராப்பகலாக உங்களுக்கும், நீங்கள் வீட்டுக்கு இழுத்து வந்தவர்களுக்கும் உழைத்தேனே... அது சேவை இல்லையா?

இந்தக் கேள்வி தன்னைத் தைத்ததாகக் காந்தியே எழுதுகிறார். ஆனாலும் நகை போய்விட்டது. வாதத்தில் ஜெயித்தது யார் என்று நம் வீட்டுப் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள்.

அதற்குச் சில வருடம் முன்பு, அதே டர்பன் வீட்டில் நடந்த இன்னொரு சண்டையும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வீட்டில் தங்கியிருந்த குமாஸ்தா ஒருவரின் கழிவுச் சட்டியைச் சுத்தம் செய்ய வேண்டும். சிரித்த முகத்தோடு செய்ய வேண்டும் என்பது கணவரின் உத்தரவு. கஸ்தூர்பா அழுதுகொண்டே எடுத்துப் போக, காந்தி கோபத்தில் அவர் கையைப் பிடித்து இழுத்து வாசலுக்கு வெளியே தள்ளப் போய்விட்டார். அந்நிய மண்ணில் நான் எங்கே போவேன், உங்களுக்கு வெட்கமாக இல்லையா என்று மனைவி கேட்ட பிறகுதான் நிதானம் வந்தது. இதைச் சொல்பவர்கள் காந்தியின் கோபத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்தக் குமாஸ்தா பஞ்சமர் குடும்பத்தில் பிறந்த கிறிஸ்தவர். கஸ்தூர்பாவின் அருவருப்பில் சாதியும் இருந்தது. மறைக்க வேண்டியதில்லை. 1915-ல் அகமதாபாத் ஆசிரமத்துக்குத் தூதாபாய் என்ற தலித் ஆசிரியரின் குடும்பம் வந்தபோதும் அவர் முகம் சுளித்தார். பிறகு அந்தக் குடும்பத்தின் மகள் லட்சுமி, காந்தி - கஸ்தூர்பா வீட்டு மகளாகவே வளர்ந்தாள். மாற்றம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1938-ல்கூட, தலித் மக்களை உள்ளே விடாத பூரி ஜகந்நாதர் கோயிலுக்குள் கஸ்தூர்பா போய் வந்துவிட, காந்தி நொந்துபோன கதை இருக்கிறது.

மாரிட்ஸ்பர்க் சிறையில்

1913 மார்ச்சில் தென்னாப்பிரிக்க நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. கிறிஸ்தவ முறைப்படி நடந்து, பதிவான திருமணங்கள்தான் செல்லும். அப்படியென்றால் அங்கிருந்த இந்து, முஸ்லிம், பார்சி மனைவிகள்? சட்டத்தின் கண்ணில் யாருமே மனைவி இல்லை! பெண்கள் போராட்டத்துக்கு வந்தது அப்போதுதான். மனைவியை எப்படிக் கூப்பிடுவது என்று காந்தி தயங்க, மற்றவர்களோடு அவர் பேசியதைக் கேட்ட கஸ்தூர்பா, என்னிடம் என்ன குறை கண்டீர்கள் என்று தானே முன்வந்தார். செப்டம்பரில் 16 பேர் கொண்ட முதல் அணி, அனுமதியில்லாமல் டிரான்ஸ்வால் எல்லையைத் தாண்டியது. அதில் நான்கு பேர் பெண்கள். மூன்று மாதக் கடுங்காவல். பழ உணவு விரதத்தில் இருந்தவர், சிறையில் சரியான உணவின்றி எலும்பும் தோலுமாக வெளியே வந்தார்.

அதே போராட்டத்தில் நம் தமிழ்ப் பெண்கள் நியூகாசில் சுரங்கத் தொழிலாளர்களிடம் போய்ப் பேசி, வேலைநிறுத்தத்துக்குத் தூண்டிவிட்டு, அதே மாரிட்ஸ்பர்க் சிறைக்குப் போனார்கள். அந்தப் போராட்டத்தில் சிறை சென்ற 16 வயது தில்லையாடி வள்ளியம்மை, காய்ச்சலோடு விடுதலையாகி இறந்தது 1914 பிப்ரவரி 22. கஸ்தூர்பா இறந்தது, சரியாக முப்பது வருடம் கழித்து, அதே பிப்ரவரி 22. காலண்டரில் இரண்டு பெயரையும் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் சிலிர்த்தது.

ஒரே ஒரு ஆரஞ்சு

நான்கு பிள்ளைகள். ஹரிலால், மணிலால், ராம்தாஸ், தேவதாஸ். மூத்தவன்தான் அம்மாவின் தீராத வலி.

அப்பாவைப் போல லண்டன் போய்ப் படிக்க ஹரிலாலுக்கு ஆசை. அதற்கான உதவித்தொகையைக் காந்தி தன் மகனுக்கு இல்லை என்று சொல்லி, வேறொருவருக்குக் கொடுத்தார். மகன் கசந்துபோய்ப் பிரிந்தான். குடி, கடன், அவமானம். 1918-ல் அவன் மனைவி சஞ்சல் விஷக்காய்ச்சலில் இறந்துபோக, தாயில்லாப் பிள்ளைகளை அரவணைத்தது பாட்டிதான். அந்தப் பேரன்களில் ஒருவன் ரசிக், 1929-ல் பதினேழு வயதில் இறந்தான். 1936-ல் ஹரிலால் மதம் மாறி, பிறகு திரும்பி வந்து, ஊர் பத்திரிகைகளுக்கெல்லாம் தீனியானபோது, கஸ்தூர்பா பெயரில் மகனுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் வெளியானது. வயதான காலத்தில் எங்களுக்கு இந்தச் சுமையா என்று கேட்ட கடிதம் அது.

கட்னி ரயில் நிலையக் கதையை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். காந்தி வந்த ரயிலைச் சூழ்ந்து எல்லோரும் அவருக்கு ஜே போடுகிறார்கள். நடுவில் ஒரே ஒரு குரல் மட்டும் அன்னை கஸ்தூர்பாவுக்கு ஜே என்கிறது. கிழிந்த உடையில் ஹரிலால். பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து அம்மாவிடம் நீட்டுகிறான். எனக்கில்லையா என்று அப்பா கேட்க, இது அம்மாவுக்கு மட்டும், நீங்கள் இவ்வளவு பெரிய ஆளானது அவளால்தான் என்கிறான். அம்மா அவன் கண் முன்னாலேயே அதைச் சாப்பிட்டார். ரயில் கிளம்பிய பிறகுதான், நாங்கள் அவனுக்குச் சாப்பிட ஒன்றும் கொடுக்கவில்லையே என்று தோன்றியிருக்கிறது. கூடையில் பழம் இருந்தது.

கடைக்குட்டி தேவதாஸால் நமக்கும் அந்த வீட்டுக்கும் உறவுண்டு. ராஜாஜியின் மகள் லட்சுமியை அவர் விரும்பினார். ஐந்து வருடம் பார்க்காமல், பேசாமல் காத்திருங்கள் என்று இரண்டு அப்பாக்களும் சொல்ல, காத்திருந்து 1933-ல் புனேயில் கல்யாணம் செய்துகொண்டார்கள். தாரா, ராஜ்மோகன், ராமச்சந்திரன் மூவரும் பாட்டி இருந்தபோது பிறந்தவர்கள். கடைசிப் பேரன் கோபாலகிருஷ்ணன் பிறந்தது 1945-ல். பாட்டி போய் ஒரு வருடம் ஆகியிருந்தது.

காரில் தூங்கிய வைத்தியர்

1942 ஆகஸ்ட் 9 அதிகாலை பம்பாயில் காந்தி கைதானார். அன்று மாலை சிவாஜி பார்க் கூட்டத்தில் யார் பேசுவது? நான் பேசுகிறேன் என்றார் 73 வயது கஸ்தூர்பா. மேடைக்குப் போவதற்குள் கைது. ஆகா கான் மாளிகைக்கு வந்து சேர்ந்த சில நாளிலேயே, ஆகஸ்ட் 15 அன்று, காந்தியின் செயலாளர் மகாதேவ் தேசாய் மாரடைப்பில் இறந்துபோனார். பிள்ளை மாதிரி பழகியவர். நான் இருக்க, அவன் போனானே என்று கஸ்தூர்பா ஆற்றாமல் புலம்பினார். மாளிகை வளாகத்திலேயே தகனம் செய்த அந்த இடம் அவருக்குக் கோயிலானது.

1943 கடைசியில் இதயம் தளரத் தொடங்கியது. பணிவிடைக்கென்று மனு வந்திருந்தாள். காந்திக்குப் பேத்தி முறை. தாயை இழந்த அவளைக் கஸ்தூர்பா தன் பெண்ணாகவே பார்த்தார். பின்னாளில் 'பாபு என் தாய்' என்று புத்தகம் எழுதியது அவள்தான். லாகூரிலிருந்து ஆயுர்வேத வைத்தியர் ஒருவரை வரவழைத்தார்கள். ஆனால், இரவில் உள்ளே தங்க அரசு அனுமதி தரவில்லை. நள்ளிரவில் நோயாளிக்கு என்ன ஆகுமோ என்று, அந்த வைத்தியர் வாசலுக்கு வெளியே தன் காரிலேயே படுத்துக்கொண்டார்.

இறப்பதற்குச் சில நாள் முன் ஹரிலால் வந்தான், குடித்திருந்தான். அதைப் பார்த்த தாய் நெற்றியில் அடித்துக்கொண்டு அழுதார். அவனை வெளியே அழைத்துப் போக வேண்டியதாயிற்று.

தேவதாஸ் அப்போது அரிதாக இருந்த பென்சிலின் மருந்தை விமானத்தில் வரவழைத்தார். சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஊசி போட வேண்டும் என்று தெரிந்ததும் காந்தி தடுத்துவிட்டார். இனி அவளை வதைக்க வேண்டாம் என்பது அவர் பக்கம். மகன் எவ்வளவோ மன்றாடினார். அந்தக் கட்டத்தில் பென்சிலின் காப்பாற்றியிருக்குமா என்பது வேறு கேள்வி. ஆனால், சில வாரங்களில் காந்திக்கு மலேரியா வந்தபோது அவர் கடைசியில் குயினைன் எடுத்துக்கொண்டார். இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும்போது உறுத்தத்தான் செய்கிறது.

பிப்ரவரி 22, சிவராத்திரி நாள். மாலை 7.35 மணி. காந்தியின் மடியில் தலைவைத்தபடி உயிர் பிரிந்தது.

மறுநாள் காந்தி கையால் நூற்ற நூலில் நெய்த புடவையைச் சாத்தினார்கள். சந்தனக் கட்டை வாங்கலாமா என்ற பேச்சு வந்தது. ஏழையால் மனைவியைச் சந்தனத்தில் எரிக்க முடியாது என்றார் காந்தி. அப்போது சிறை அதிகாரி தயங்கித் தயங்கி ஒரு விஷயத்தைச் சொன்னார். முந்தைய வருடம் காந்தி 21 நாள் உண்ணாவிரதம் இருந்தபோது, அவர் பிழைக்க மாட்டார் என்று அரசு சந்தனக் கட்டை வாங்கி வைத்திருந்தது. அது அப்படியே இருக்கிறது. எனக்கென்று வாங்கியதை அவளுக்குப் பயன்படுத்தலாம் என்று சம்மதித்தார். மகாதேவ் தேசாய்க்குப் பக்கத்திலேயே சிதை. முழுக்க எரிந்து முடிய மாலையாகிவிட்டது. ஓய்வெடுக்கப் போகச் சொன்னவர்களிடம், 62 வருடம் கூட வாழ்ந்துவிட்டுக் கடைசி நேரத்தில் விட்டுப் போனால் அவள் மன்னிக்க மாட்டாள் என்று சொல்லி மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தார். சாம்பலைச் சேகரித்தபோது கண்ணாடி வளையல்கள் ஐந்தும் உடையாமல் கிடந்தனவாம்.

அவர் பெயரில் 75 லட்சம் ரூபாய் நிதி திரட்ட நினைத்தார்கள், ஒரு கோடியைத் தாண்டியது. கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என்று தொடங்கிய அந்த அறக்கட்டளையின் தலைமையகம் இந்தூரில் இருக்கிறது. 2004-ல் மத்திய அரசு தொடங்கிய பெண் குழந்தைகளுக்கான உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கும் 'கஸ்தூர்பா காந்தி பாலிகா வித்யாலயா' என்றுதான் பெயர்.

இனி அந்த நோட்டு விஷயம். கஸ்தூர்பாவுக்கு எழுதத் தெரியாது என்றுதான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஆனால், இந்தூர் கஸ்தூர்பா ஆசிரமத்தில் பழைய டைரி ஒன்று கிடைத்தது. கொள்ளுப்பேரன் துஷார் காந்தி அதை 2022-ல் புத்தகமாகக் கொண்டுவந்தார். 135 பக்கம், அவர் கைப்பட எழுதிய குஜராத்தி. முற்றுப்புள்ளி, இலக்கணம் எதுவும் கிடையாது. நாள்தோறும் செய்த வேலை, பார்த்த மனிதர்கள் என்று வரிகள் ஓடுகின்றன. ஆகா கான் மாளிகையில் நோட்டு கேட்பதற்குப் பத்து வருடம் முன்பே, சிறைக்குப் போவதும் வருவதுமாக இருந்த 1933-ல் எழுதியது அது. தேவதாஸுக்கும் லட்சுமிக்கும் கல்யாணம் நடந்த வருடம்.

ஜனவரியில் ஆரம்பிக்கிறது. செப்டம்பரோடு நின்றுவிடுகிறது.